விடாத காய்ச்சலில் ரத்த அணுக்கள் குறையும்போது: அறிக்கையைப் படிக்கும் முறையும் வீட்டில் செய்ய வேண்டியவையும்

வடகிழக்குப் பருவமழை தொடங்கியதிலிருந்து தை மாதம் வரை தமிழ்நாட்டின் ரத்தப் பரிசோதனை நிலையங்களில் காத்திருப்போர் பலரும் கேட்பது ஒரே கேள்விதான்: பிளேட்லெட் எவ்வளவு இருக்கிறது? மூன்று நாளாக 102, 103 டிகிரிக்குக் குறையாத காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, உடம்பை முறித்துப்போடும் அசதி. இவற்றோடு கைக்கு வரும் தாளில் ‘குறைவு’ என்று குறியிட்ட எண்கள் இரண்டு மூன்று இருந்துவிட்டால் வீடே கலங்கிப்போகிறது. கலங்குவது இயல்புதான். ஆனால் பிளேட்லெட் என்ற ஒரு வரியிலேயே கண்ணைப் பதித்துக்கொள்பவர்கள், அதைவிட முக்கியமான இரண்டு செய்திகளைத் தவறவிடுகிறார்கள். ஒன்று, இன்று காய்ச்சலின் எத்தனையாவது நாள் என்பது. மற்றொன்று, அதே தாளில் ஹீமட்டோக்ரிட் அல்லது பிசிவி என்ற பெயரில், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கைக் காட்டும் எண். டெங்குவில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் வருவது ரத்தக் குழாய்களிலிருந்து நீர்ப்பகுதி வெளியே கசிந்து, ஓடும் ரத்தத்தின் அளவு குறைந்து, அதிர்ச்சி நிலை ஏற்படுவதால்தான். அந்தக் கசிவைக் காட்டிக்கொடுப்பது பிளேட்லெட் அல்ல, ஹீமட்டோக்ரிட்.

கடுங்காய்ச்சலோடு அணுக்கள் குறைந்தால் நம் ஊரில் முதலில் சந்தேகிக்க வேண்டியது டெங்கு என்பதால், இக்குறிப்புகள் பெரும்பாலும் அதை மனத்தில் வைத்தே எழுதப்பட்டுள்ளன. டெங்கு இல்லையென்றால் வேறு என்னவாக இருக்கலாம் என்பது பின்னால் வருகிறது. மருத்துவரிடம் சரியான நேரத்தில், சரியான தகவலோடு போய்ச் சேர உதவுவதே இவற்றின் நோக்கம்.

யாரெல்லாம் காத்திருக்கக் கூடாது

புற்றுநோய்க்காகக் கீமோதெரபி எடுத்துவருபவருக்குக் காய்ச்சல் என்றால் கீழே உள்ள எதையும் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். வெப்பமானி 100.4 டிகிரி காட்டி அது ஒரு மணி நேரம் நீடித்தாலோ, ஒரே ஒரு தடவை 101-ஐத் தொட்டாலோ, நள்ளிரவானாலும் அவருக்குச் சிகிச்சை தரும் மருத்துவமனைக்குப் புறப்பட்டுவிட வேண்டும். தொற்றை எதிர்க்கும் வெள்ளணு வகையான நியூட்ரோஃபிலின் எண்ணிக்கை அவருக்கு 500-க்குக் கீழே போயிருக்கலாம். அந்த நிலையில் தொற்று சில மணி நேரத்திலேயே ரத்தத்தில் பரவி உயிரைப் பறிக்கக்கூடும் என்பதால், மருத்துவமனையை அடைந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஊசி போட்டாக வேண்டும் என்பது மருத்துவர்கள் பின்பற்றும் நெறி.

கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், முதியவர்கள், சர்க்கரை நோயோ இதய, சிறுநீரக நோயோ உள்ளவர்கள், உடல் பருமன் மிகுந்தவர்கள் ஆகியோரும் மூன்றாம் நாள் வரை பொறுத்துப் பார்க்காமல் தொடக்கத்திலேயே மருத்துவரைப் பார்ப்பது நல்லது. இதயத்துக்காக ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகளோ ரத்த உறைவைத் தடுக்கும் வார்ஃபரினோ சாப்பிடுபவர்கள், காய்ச்சல் வந்த அன்றே அதை மருத்துவரிடம் சொல்லிக் கேட்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் தானாகவே மாத்திரையை நிறுத்துவதும் ஆபத்து, பிளேட்லெட் சரிந்துகொண்டிருக்கும்போது கேட்காமல் தொடர்வதும் ஆபத்து.

நாளைச் சரியாக எண்ணுதல்

உடம்பு முதலில் சுட்ட நாளையும் நேரத்தையும் எழுதி வைக்கவும். செவ்வாய் இரவு பத்து மணிக்குக் காய்ச்சல் தொடங்கியிருந்தால், புதன் இரவு பத்து மணி வரை முதல் நாள். மருத்துவர் ‘எத்தனை நாளாகக் காய்ச்சல்?’ என்று கேட்கும்போது ‘நாலைந்து நாளா இருக்கும்’ என்று பதில் சொல்வதற்கும், ‘நான்காம் நாள் முடிந்து பன்னிரண்டு மணி நேரம் ஆகிறது’ என்று சொல்வதற்கும் சிகிச்சையில் பெரிய வேறுபாடு உண்டு; ஏனெனில் டெங்குவின் போக்கு நாள்கணக்கில் நகர்கிறது. காய்ச்சல் கட்டம் இரண்டு முதல் ஏழு நாள். ஆபத்தான கட்டம் பெரும்பாலும் நான்காம் நாளுக்கும் ஆறாம் நாளுக்கும் இடையில், காய்ச்சல் இறங்கும் தறுவாயில் தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கிறது. அதன்பின் மீளும் கட்டம்.

பரிசோதனைகளும் இந்த நாள்கணக்குக்கு உட்பட்டவையே. டெங்கு வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1 என்ற பரிசோதனை முதல் ஐந்து நாள்களுக்குள்தான் நன்றாகப் பிடிக்கும். அந்த வைரஸுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனை ஏறக்குறைய ஐந்தாம் நாளுக்குப் பிறகே கைகொடுக்கும். என்எஸ்1 ‘நெகட்டிவ்’ என்று வந்துவிட்டதாலேயே டெங்கு இல்லை என்று முடிவுகட்டக் கூடாது. முன்பு ஒருமுறை டெங்கு வந்தவருக்கு, இரண்டாம் முறை அது நெகட்டிவாக வருவதற்கான வாய்ப்பு கூடுதல். அணுக்களின் எண்ணிக்கையைக் காட்டும் சிபிசி பரிசோதனையை முதல் நாளே எடுத்தால் பெரும்பாலும் எல்லாம் இயல்பாகவே இருக்கும். அதைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடக் கூடாதே தவிர, எடுத்ததை வீண் என்றும் சொல்ல முடியாது. நோயாளியின் இயல்பான ஹீமட்டோக்ரிட் எவ்வளவு என்பதை அந்த முதல் தாள்தான் சொல்லும். மூன்றாம் நாளிலிருந்து, காய்ச்சல் விட்டு இரண்டு நாள் ஆகும் வரை, மருத்துவர் வேறு விதமாகச் சொன்னாலன்றி நாளுக்கு ஒருமுறை எடுப்பது வழக்கம். இயன்றவரை ஒரே நிலையத்திலேயே எடுக்கவும். கருவிக்குக் கருவி எண் சற்று மாறும். அந்த மாற்றத்தை நோயின் ஏற்ற இறக்கமாக எடுத்துக்கொண்டு அலைய வேண்டாம்.

தாளில் பார்க்க வேண்டிய வரிகள்

ஊதா மூடி போட்ட சிறு குழாயில் எடுத்த ரத்தத்திலிருந்து இருபதுக்கு மேற்பட்ட எண்களை அச்சிட்டுத் தருவார்கள். அவற்றில் நான்கைப் பார்த்தால் போதும்.

முதலாவது வெள்ளணுக்களின் மொத்த எண்ணிக்கை. ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை இயல்பு. டெங்குவில் முதலில் சரிவது இதுதான். பல சமயம் பிளேட்லெட் இறங்குவதற்கு ஒரு நாள் முன்னதாகவே இது 4,000-க்குக் கீழே, சிலருக்கு 2,000 வரைகூடப் போய்விடும். வைரஸ் எலும்பு மஜ்ஜையின் வேலையைத் தற்காலிகமாக முடக்குவதே இதற்கு முக்கியக் காரணம். ‘எதிர்ப்புச் சக்தியே போய்விட்டது’ என்று பதற வேண்டியதில்லை. கீமோதெரபி நோயாளிக்கு ஏற்படும் சரிவு போன்றதல்ல இது. சில நாள்களில் தானாகவே ஏறிவிடும், அப்படி ஏறத் தொடங்குவது நல்ல அறிகுறியும்கூட. நேர்மாறாக, காய்ச்சல் கடுமையாக இருக்கும்போது வெள்ளணு 15,000, 20,000 என்று உயர்ந்திருந்தால் டெங்குவைவிடப் பாக்டீரியத் தொற்றைத்தான் முதலில் நினைக்கத் தோன்றும்.

இரண்டாவது தட்டணுக்கள் எனப்படும் பிளேட்லெட். இயல்பு 1.5 லட்சம் முதல் 4.5 லட்சம் வரை. இந்த வரியில் குழப்பம் வருவது எண்ணால் அல்ல, அலகால். ஒரு தாளில் 0.85 லட்சம் என்றும், இன்னொன்றில் 85,000 என்றும், மூன்றாவதில் வெறும் 85 என்றும் இருக்கும், மூன்றும் ஒன்றுதான். நேற்று 1.1 என்று பார்த்துவிட்டு, இன்று வேறு நிலையத்தின் தாளில் 98 என்று பார்த்து, 1.1 எங்கே 98 எங்கே, நன்றாக ஏறிவிட்டது என்று மகிழ்ந்தால் அது பிசகு. ஒரு லட்சத்துப் பத்தாயிரத்திலிருந்து தொண்ணூற்றெட்டாயிரத்துக்கு இறங்கியிருக்கிறது என்பதே பொருள். எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் அச்சிட்ட அலகைப் படித்துவிட்டு, எல்லாவற்றையும் ஆயிரக் கணக்குக்கு மாற்றி எழுதிக்கொள்ளவும்.

சிலருக்கு வேறொன்றும் நடக்கும். அந்த ஊதா மூடிக் குழாயில் ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் வேதிப்பொருள் பட்டதும் அவர்களுடைய தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். கருவி ஒரு கொத்தை ஒரு தட்டணுவாகக்கூட எண்ணாமல் விட்டுவிடும். ஆள் தெம்பாக இருக்க, மற்ற எண்களெல்லாம் ஒழுங்காக இருக்க, பிளேட்லெட் மட்டும் திடீரென்று 20,000 என்று வந்தால், கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பூசி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம். தேவைப்பட்டால் சிட்ரேட் சேர்த்த நீல மூடிக் குழாயில் மறுபடி எடுப்பார்கள்.

மூன்றாவதும் நான்காவதும் ஹீமோகுளோபினும் ஹீமட்டோக்ரிட்டும். ரத்தத்தின் மொத்த அளவில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பதைச் சொல்வது ஹீமட்டோக்ரிட். ஏறக்குறைய ஹீமோகுளோபினைப்போல் மூன்று மடங்கு இருக்கும். ஹீமோகுளோபின் 13 என்றால் ஹீமட்டோக்ரிட் 39 என்ற அளவில். ரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்க்கு வெளியே கசிந்தால் எஞ்சிய ரத்தம் கெட்டிப்படும், ஹீமட்டோக்ரிட் ஏறும். அவரவருடைய தொடக்க அளவைவிட 20 சதவீதம் ஏறினால் குறிப்பிடத்தக்க கசிவு என்று கொள்வார்கள்.

இந்த இடத்தில்தான் நம் வீட்டுப் பெண்கள் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ரத்தசோகை உள்ள ஒரு பெண்ணுக்கு வழக்கமான ஹீமட்டோக்ரிட் 30 என்று வைத்துக்கொள்வோம். டெங்குவின் ஐந்தாம் நாளில் அது 36 ஆகிறது. அச்சிட்ட தாளில் 36 என்பது இயல்பின் கீழ் எல்லையைத் தொட்டுவிட்டது, குறியீடு எதுவும் இருக்காது. ‘ரத்தம்கூட ஏறியிருக்கிறதே’ என்று வீட்டார் மகிழ்ந்தும் போகலாம். உண்மையில் அது 20 சதவீத ஏற்றம், ஆபத்தின் எல்லை. ஆகவே தாளின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவோடு ஒப்பிடுவதைவிட, அதே ஆளின் பழைய தாளோடு ஒப்பிடுவதுதான் முறை. பிரசவ காலத்துத் தாளோ, ஆறு மாதத்துக்கு முந்தைய பரிசோதனைத் தாளோ எது இருந்தாலும் தேடி எடுத்து வைக்கவும்.

ஒரு பக்கக் குறிப்பேடு

பள்ளி நோட்டின் ஒரு பக்கம் போதும். நேரம், வெப்பம், குடித்தது எவ்வளவு, சிறுநீர் கழித்தது எப்போது, கொடுத்த மாத்திரை, அன்றைய ரத்த எண்கள் என்று கட்டம் போட்டு, நோயாளியின் அருகில் இருப்பவர் எழுதிவர வேண்டும். அதில் வரக்கூடிய எண்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன்.

மூன்றாம் நாள்: வெப்பம் 103, வெள்ளணு 3,100, பிளேட்லெட் 1,42,000, ஹீமட்டோக்ரிட் 39. நான்காம் நாள்: வெப்பம் 102, வெள்ளணு 2,400, பிளேட்லெட் 88,000, ஹீமட்டோக்ரிட் 42. ஐந்தாம் நாள்: வெப்பம் 99, வெள்ளணு 2,700, பிளேட்லெட் 46,000, ஹீமட்டோக்ரிட் 47.

ஐந்தாம் நாளின் வரியைப் பார்க்கும் வீட்டார் இரண்டு விதமாகப் பேசுவார்கள். ‘காய்ச்சல் விட்டுவிட்டது, இனி பயமில்லை’ என்பது ஒரு பேச்சு. ‘பிளேட்லெட் 46,000 ஆகிவிட்டதே, ரத்தம் ஏற்ற வேண்டுமே’ என்பது மற்றொன்று. இரண்டும் குறி தவறியவை. 39-இலிருந்து 47 என்பது 20 சதவீதத்துக்குச் சற்று மேல். பிளேட்லெட் வேகமாகச் சரியும் அதே வேளையில் ஹீமட்டோக்ரிட் ஏறியிருக்கிறது. உடனே மருத்துவமனையில் சேர்த்து, குளுக்கோஸ் என்று நாம் பொதுவாகச் சொல்லும் சலைன் திரவத்தை அளந்து ஏற்ற வேண்டிய நிலை அது. இதற்கு மாறாக, இன்னொருவருக்குப் பிளேட்லெட் 28,000 வரை இறங்கியும் ஹீமட்டோக்ரிட் 40-லேயே நிற்கிறது, வாந்தியில்லை, கஞ்சி குடிக்கிறார், நான்கு மணிக்கொருமுறை சிறுநீர் போகிறது என்றால், எண் சிறியதாக இருந்தாலும் முன்னவரைவிட அவரே பாதுகாப்பான நிலையில் இருக்கிறார். அவரும் மருத்துவர் கண்காணிப்பில் இருக்க வேண்டியவர்தான். பதற்றப்பட வேண்டியவர் அல்ல.

காய்ச்சல் விடும் நாள்

மற்ற எந்தப் பகுதியை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். சாதாரண வைரஸ் காய்ச்சலில் காய்ச்சல் இறங்கினால் நோய் இறங்கியது என்று பொருள். டெங்குவில் அது கசிவு தொடங்கும் வேளையாக இருக்கலாம். நான்கு நாள் விழித்திருந்து களைத்த குடும்பம் அன்றைக்குத்தான் அசந்து தூங்குகிறது. வெளியூர் உறவினர்களும் அன்றைக்குத்தான் விடைபெறுகிறார்கள். காய்ச்சல் விட்ட பிறகு முதல் 48 மணி நேரம் ஒருவர் மாற்றி ஒருவர் கவனிக்க ஏற்பாடு செய்துகொள்ளவும்.

காய்ச்சல் இறங்கியும் ஆள் தெளியவில்லை, முன்பைவிடச் சோர்ந்திருக்கிறார் என்பதே முதல் எச்சரிக்கை. விடாத வயிற்றுவலி, குறிப்பாக வலப்பக்க விலாவுக்குக் கீழே அழுத்தினால் வலிப்பது. வாந்தி நிற்காமல் எதையும் குடிக்க முடியாமல் போவது. ஈறு, மூக்கு ஆகியவற்றில் ரத்தம் கசிவது. மலம் தார்போல் கறுத்துப் போவது. மாதவிடாய் வழக்கத்துக்கு மீறிப் போவது, அல்லது நாள் வராமலே வந்துவிடுவது. மூச்சுத் திணறல், வயிறு உப்பல். அரைத்தூக்கம், எரிச்சல், பிதற்றல். ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமலிருப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த ரத்த அறிக்கைக்காகக் காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். எழுந்து நின்றதும் தலைசுற்றி விழுந்தாலோ, கை கால் சில்லிட்டு வியர்த்தாலோ 108-ஐ அழைக்கவும்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. நோயாளியின் கையை நெஞ்சு உயரத்தில் பிடித்து, விரல் நகத்தை ஐந்து விநாடி அழுத்தி விடவும். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் பழைய சிவப்புக்குத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் எடுத்தால் ரத்த ஓட்டம் குறைகிறது. வீட்டில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவி இருந்தால், மேல் எண்ணை மட்டும் பார்க்க வேண்டாம். இரண்டு எண்களுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கவும். 100/80 என்று காட்டினால், மேல் எண் 100 இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் இடைவெளி 20 மட்டுமே. டெங்குவில் இடைவெளி 20 அல்லது அதற்குக் கீழே சுருங்குவதை அதிர்ச்சி நிலையின் அடையாளமாகவே மருத்துவர்கள் கொள்கிறார்கள்.

குடிக்க வேண்டியவை, கொடுக்கக் கூடாதவை

வெறும் தண்ணீரை மட்டும் குடம் குடமாகக் குடிப்பது சரியன்று. உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர் வேண்டும். ஓஆர்எஸ் பொட்டலத்தை அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் ஒரு லிட்டரில், முழுதாகக் கரைக்க வேண்டும். பாதிப் பொட்டலத்தைக் கண்ணளவாக டம்ளரில் போடக் கூடாது. உப்பிட்ட கஞ்சித் தண்ணீர், நீர்மோர், இளநீர், எலுமிச்சைச் சாறு எல்லாம் நல்லவை. பெரியவருக்கு நாளொன்றுக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை என்றும், 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு லிட்டர், 20 கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் என்றும் உத்தேசமாக வைத்துக்கொள்ளலாம். இதய, சிறுநீரக நோயாளிகள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்க வேண்டும். வாந்தி வருகிறவருக்கு டம்ளரை நீட்டாமல், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு ஸ்பூன் கொடுத்தால் தங்கும். ரத்தம் ஊறும் என்று மாதுளை, பீட்ரூட் சாறு கொடுப்பது நம் வழக்கம். இந்த ஒரு வாரத்துக்கு அவற்றைத் தள்ளி வைப்பது நல்லது. வாந்தியிலோ மலத்திலோ சிவப்பாக எதையாவது பார்த்தால் அது சாறா ரத்தமா என்று மருத்துவரும் குழம்ப வேண்டியிருக்கும்.

காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டுமே. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் வரை, ஆறு மணி நேர இடைவெளியில். பெரியவருக்கு 500 அல்லது 650 மில்லிகிராம். டெங்கு கல்லீரலையும் தாக்கும் என்பதால் ஒரு நாளில் மூன்று கிராமைத் தாண்டாமலிருப்பது நல்லது. குழந்தைகளுக்கான சிரப்பில் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம் உள்ள புட்டியும் உண்டு, 250 உள்ளதும் உண்டு. சொட்டு மருந்து இரண்டையும்விடச் செறிவானது. ‘ஒரு மூடி கொடு’ என்று தொலைபேசியில் பாட்டி சொல்வதை அப்படியே செய்வதற்கு முன் புட்டியின் மேலுள்ள எண்ணைப் படிக்கவும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் பாராசிட்டமால் கலந்திருப்பதால் இரட்டைக் கணக்கு வராமல் பார்த்துக்கொள்ளவும்.

ஆஸ்பிரின், ஐபுபுரொஃபென், டைக்ளோஃபெனாக், மெஃபினாமிக் அமிலம் ஆகிய வலி நிவாரணிகள் தட்டணுக்களின் வேலையைக் கெடுப்பவை, இரைப்பையைப் புண்ணாக்குபவை. இவை தனியாகவும் கிடைக்கும், பாராசிட்டமாலோடு கலந்த மாத்திரையாகவும் கிடைக்கும். மருந்துக் கடையில் ‘காய்ச்சல் உடம்பு வலிக்கு’ என்று கேட்டு வாங்குவதும், சீக்கிரம் இறங்கட்டும் என்று இடுப்பில் ஊசி போட்டுக்கொள்வதும் அணுக்கள் குறையும் காய்ச்சலில் செய்யக் கூடாதவை. தசையில் போடும் ஊசி உள்ளே ரத்தக்கட்டை உண்டாக்கும். ஸ்டீராய்டும் பிளேட்லெட்டை ஏற்றாது.

பிளேட்லெட் ஏற்றுவது பற்றி

வாட்ஸாப்பில் நள்ளிரவில் வரும் ‘அவசரம், பிளேட்லெட் தேவை’ என்ற செய்திகளில் பல, தேவைக்காக அல்லாமல் அச்சத்துக்காக அனுப்பப்படுபவை என்பது என் எண்ணம். ரத்தக்கசிவு இல்லாத டெங்கு நோயாளிக்கு, பிளேட்லெட் 10,000-க்குக் கீழே போனால்தான் முன்னெச்சரிக்கையாக ஏற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பது இந்தியாவின் தேசிய வழிகாட்டு நெறி. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் 20,000 அல்லது அதற்குக் குறைவான பிளேட்லெட் கொண்ட டெங்கு நோயாளிகளான பெரியவர்களிடம் நடத்தி, 2017-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், முன்னெச்சரிக்கையாக ஏற்றியது ரத்தக்கசிவைத் தடுக்கவில்லை என்று தெரியவந்தது. காரணம் எளிது: வெளியிலிருந்து ஏற்றும் தட்டணுக்களையும் அதே நோய் அழித்துவிடுகிறது. கூடவே ஒவ்வாமை, நுரையீரல் பாதிப்பு, தேவைக்கு மேல் நீர் சேர்வது ஆகிய ஆபத்துகளும் உண்டு. ரத்தக்கசிவு கண்ணுக்குத் தெரியும்போதோ அறுவை சிகிச்சை தேவைப்படும்போதோ கதை வேறு. அப்போது மருத்துவர் கேட்டால் தாமதம் கூடாது. மற்றபடி, ‘ஏன் இன்னும் ஏற்றவில்லை?’ என்று மருத்துவரை நெருக்குவதற்குப் பதிலாக, ‘ஹீமட்டோக்ரிட் எப்படி இருக்கிறது, சிறுநீர் போதுமா?’ என்று கேட்கலாம்.

பப்பாளி இலைச்சாற்றால் எண்ணிக்கை சற்று விரைவாக ஏறியதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அதனால் கசிவோ உயிரிழப்போ குறைகிறது என்று நிறுவப்படவில்லை. கசப்பு தாளாமல் வாந்தி எடுப்பவருக்குக் கட்டாயப்படுத்திப் புகட்டினால், உள்ளே தங்க வேண்டிய நீரும் வெளியே போகும். நிலவேம்புக் குடிநீரைக் குடிக்க விரும்புபவர் குடிக்கட்டும், ஆனால் அதை மருத்துவரிடம் சொல்லட்டும். அதை நம்பி ரத்தப் பரிசோதனையை ஒரு நாள்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

டெங்கு இல்லையென்றால்

டெங்குக் காய்ச்சல் ஏழு நாளைத் தாண்டுவது அரிது. எட்டாம் நாளும் 102 அடிக்கிறதென்றால், அல்லது எண்கள் டெங்குவின் போக்கில் நகரவில்லையென்றால், வேறு காரணத்தைத் தேட வேண்டும்.

தமிழ்நாட்டில் பலமுறை தவறவிடப்படுவது ஸ்க்ரப் டைஃபஸ் என்ற உண்ணிக்காய்ச்சல். புதர், வயல், மேய்ச்சல் நிலம் ஆகிய இடங்களிலுள்ள நுண்ணிய சிற்றுண்ணிகளின் கடியால் வருகிறது. மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும் கூடுகிறது. பிளேட்லெட் குறையும், கல்லீரல் நொதிகள் உயரும், வெள்ளணு பெரும்பாலும் குறையாது. கடித்த இடத்தில் சிகரெட் சூடு பட்டதுபோல் கறுப்புப் பொருக்குத் தட்டிய, வலிக்காத புண் ஒன்று பலருக்கு இருக்கும். அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடிப்பகுதி, பாவாடை நாடா அல்லது இடுப்புக் கயிறு இறுக்கும் இடம் என்று மறைவாக இருப்பதால் நோயாளிக்கே தெரிந்திருக்காது. கூச்சப்படாமல், நல்ல வெளிச்சத்தில் வீட்டார் தேடிப் பார்த்து மருத்துவரிடம் சொன்னால் பாதி வேலை முடிந்தது. விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் மாத்திரைக்கே பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் கட்டுப்படும் இந்நோய், கவனிக்காமல் விட்டால் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் செயலிழக்கச் செய்யும்.

மலேரியாவிலும் பிளேட்லெட் நன்றாகவே குறையும். கூடவே சிவப்பணுக்கள் உடைவதால் ஹீமோகுளோபினும் சரியும். குளிர்நடுக்கத்தோடு விட்டுவிட்டு வந்தால், குறிப்பாகச் சென்னையில் இருப்பவரோ ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கம் போய்வந்தவரோ என்றால், ரத்தப்பூச்சுப் பரிசோதனையைக் கேட்டு வாங்க வேண்டும். டைஃபாய்டில் வெள்ளணு குறைந்து, காய்ச்சல் படிப்படியாக ஏறும். அதை உறுதிசெய்வது ரத்த வளர்ப்புப் பரிசோதனைதான்; ஒரே ஒரு வைடால் பரிசோதனையை நம்பி முடிவெடுக்க இயலாது. ஆன்டிபயாட்டிக் தொடங்குவதற்கு முன்பே அந்த ரத்தத்தை எடுக்க வேண்டும் என்பதால், கடையில் தாமாக வாங்கி இரண்டு வேளை விழுங்கிவிட்டு வருபவர்கள் நோயைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பைத் தாங்களே குறைத்துவிடுகிறார்கள். வெள்ளநீரிலோ சேற்று வயலிலோ நின்றவருக்குக் கெண்டைக்கால் தசை வலி, சிவந்த கண், மஞ்சள் காமாலை என்று சேர்ந்து வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும்.

காய்ச்சல் இரண்டு மூன்று வாரமாக நீடித்து, வெள்ளணு, சிவப்பணு, தட்டணு மூன்றும் சேர்ந்து குறைந்துகொண்டே போனால், அது வேறு வகையான தேடல். காசநோய், எச்ஐவி, லூபஸ், ரத்தப் புற்றுநோய், மஜ்ஜை வறட்சி என்று பட்டியல் நீளும். எதிர்ப்பு அணுக்களே கட்டுமீறி ரத்த அணுக்களை விழுங்கும் எச்எல்எச் என்ற அரிய நிலையும் அதில் உண்டு, ரத்தத்தில் ஃபெரிட்டின் என்ற இரும்புச் சேமிப்புப் புரதத்தின் அளவு பல ஆயிரமாக உயர்ந்திருப்பது அதற்கான துப்பு. ரத்தவியல் மருத்துவர் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை வேண்டும் என்றால் தயங்க வேண்டாம். இடுப்பெலும்பில் மரத்துப்போகும் ஊசி போட்டு எடுக்கும் அந்தப் பரிசோதனை, பெயரைக் கேட்டுப் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல.

மீளும் நாள்கள்

கசிவு நின்றதும் வெளியே போன நீர் ரத்தக் குழாய்க்குத் திரும்புகிறது. ஹீமட்டோக்ரிட் இறங்கும், சிறுநீர் நிறையப் போகும், பசி எடுக்கும், கை கால்களில் அரிப்போடு செந்தடிப்பு தோன்றலாம். இந்தக் கட்டத்தில் ‘இன்னும் இரண்டு பாட்டில் ஏற்றினால் தெம்பாக இருக்குமே’ என்று கேட்கக் கூடாது. மிகையான நீர் நுரையீரலில் தேங்கும். ஆனால் ஆபத்தான நாள்களில், நோயாளி வெளுத்துத் துவண்டு, நாடித்துடிப்பு விரைந்திருக்கும்போது ஹீமட்டோக்ரிட் சட்டென்று இறங்கினால் அது மீட்சியல்ல, உள்ளே ரத்தம் கசிவதன் அடையாளமாக இருக்கலாம். எண் ஒன்றே, ஆளைப் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும்.

மருந்தில்லாமலே 48 மணி நேரம் காய்ச்சல் வராமல், பசியும் சிறுநீரும் சீராகி, பிளேட்லெட் 50,000-ஐத் தாண்டி ஏறுமுகமாக இருந்தால் பொதுவாக வீட்டுக்கு அனுப்புவார்கள். எண்ணிக்கை ஒரு லட்சத்தைக் கடக்கும் வரை பல் பிடுங்குவது, விளையாட்டில் மோதிக்கொள்வது போன்றவற்றைத் தவிர்க்கவும். அசதி சில வாரம் இருக்கும். இரண்டு மூன்று மாதத்தில் முடி கொட்டினால் அதுவும் தற்காலிகமே. வீடு திரும்பி இரண்டு வாரத்தில் ஒரு முறை சிபிசி எடுத்துப் பார்க்கவும். வெள்ளணு, சிவப்பணு, தட்டணு மூன்றும் இயல்புக்குத் திரும்பியிருக்க வேண்டும். ஏதேனும் ஒன்று இன்னும் கீழேயே நின்றால் ரத்தவியல் மருத்துவரிடம் காட்டவும். டெங்கு வைரஸில் நான்கு வகைகள் இருப்பதாலும், வேறொரு வகையால் இரண்டாம் முறை வரும்போது கடுமை கூடக்கூடும் என்பதாலும், இந்தக் கடைசித் தாளையும் குறிப்பேட்டுப் பக்கத்தையும் குடும்ப அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்தவும். அடுத்த காய்ச்சலின்போது ‘வழக்கமான ஹீமட்டோக்ரிட் எவ்வளவு?’ என்று மருத்துவர் கேட்டால் காட்ட வேண்டிய தாள் அதுதான்.